பட்டியலில் தெரியாத எண்

பட்டியல் ஒட்டிய அரை மணி நேரத்தில் ரோசம்மாள் ஆபீஸ் அறைக்குள் வந்து நின்றாள். பேக்கிங் வேலைக்குப் போட்ட கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த உதிரிபாகத் தொழிற்சாலை, ஒப்பந்தத் தொழிலாளர்களில் வேலை நாள் அதிகமுள்ள இருபது பேரை நிரந்தரமாக்குவதாக அறிவித்திருந்தது. ரோசம்மாள் இருபத்து மூன்றாவது.

"இன்னா தம்பி, எனக்கு ரெண்டாயிரத்து நூத்தி நாப்பத்தாறு நாளு. லோகுவுக்கு ஆயிரத்து எட்நூத்தி முப்பது. நீயேதான் அச்சடிச்சிக்கிற. அவன் ஒன்பதாவது, நான் இருபத்திமூணா? டெய்லி புதுவாயல்ல இருந்து உன் வண்டிலதான வர்றான்?"

கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த பார்த்திபனுக்கு முகம் சுருங்கியது. "நான் அடுக்கலக்கா, கம்ப்யூட்டர்தான்..."

"கம்ப்யூட்டருக்கு லோகுவ தெரியுமா?"

வருகைப் பதிவுகளைப் பட்டியலாக மாற்றுவது ஒரு ஸ்டைல்ஷீட். எதை எடுப்பது, எப்படி அடுக்குவது, எங்கே அச்சிடுவது என்ற விதிகளின் தொகுப்பு. எழுதியவன் பார்த்திபன். அதில் அச்சிடும் விதி வேறு, அடுக்கும் விதி வேறு. இரண்டும் தனித்தனியாகக் கணக்கிடும். அடுக்கப் பயன்பட்ட எண் காகிதத்தில் வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆக, ரோசம்மாளின் சந்தேகத்தில் பாதி சரி: கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் உள்ளே இருந்தது.

அவளுடைய பதிவைத் திறந்தான். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அவளை வேறு கான்ட்ராக்டர் பெயருக்கு மாற்றியிருந்தார்கள். எட்டு கான்ட்ராக்டர், அதனால் பதிவிலும் எட்டுத் துண்டு. முதல் துண்டில் 212 நாள். லோகுவுக்குத் தொடக்கத்திலிருந்து ஒரே கான்ட்ராக்டர், ஒரே துண்டு. அச்சிடும் விதியில் 'கூட்டு' என்று எழுதியிருந்தான். அடுக்கும் விதியில் அதை விட்டிருந்தான். கூட்டச் சொல்லாமல் எட்டுத் துண்டைக் கொடுத்தால் அந்தப் பழைய மென்பொருள் ஏன் என்று கேட்காது. முதல் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அடுக்கிவிடும்.

"எட்டையும் கூட்டித்தான் அச்சாச்சுக்கா. அடுக்கறப்ப மட்டும் 212ஐ பாத்துக்குது. நான் எழுதுன தப்பு."

"தப்பா? வேணும்னேவா?"

"தப்புதான்க்கா."

"அப்ப எத வெச்சி அடுக்குச்சோ அதையும் கடைசி கட்டத்துல அடி. இங்கியேதான் நிப்பேன்."

அடுக்கும் விதியில் கூட்டலையும், அவள் கேட்ட கடைசிக் கட்டத்தையும் சேர்த்து ஓட்டினான். ரோசம்மாள் எட்டாவது. மேலிருந்து படித்துவந்த அவன் விரல் இருபத்தோராம் வரியில் நின்றது: லோகு. அச்சிடும் பொத்தான் பக்கம் கை போகவில்லை.

"இன்னா யோசன? நான் போனப்புறம் வேற மாதிரி அடிக்கலாம்னா?"

அச்சிட்டான்.

பலகையில் புதியதை ஒட்டும்போது லோகு கேன்டீனிலிருந்து வந்தான். "மச்சான், நாஷ்டாவுக்குப் போசொல்ல ஒன்பதாவது. திரும்பி வந்தா இருபத்தொண்ணு. ரூம்ல இன்னா பேசிக்கினு இருந்தீங்க ரெண்டு பேரும்?"

"கடைசி கட்டத்தப் பாரு லோகு," ரோசம்மாள் கையுறையைக் கழற்றி விரலை வைத்துக் காட்டினாள். "எத வெச்சி அடுக்குச்சோ அதையே போட்டுக்குது. எனக்கும் கொஞ்ச முன்னாடி இதே டவுட்டுதான்."

லோகு கட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்திபனையே பார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் பார்த்திபனின் வண்டிக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனான்.