சரிந்து உட்கார்ந்த சில்லு

‘சில்லைப் பாருங்கோ. கட்டையை விட்டுட்டுச் சில்லைப் பாருங்கோ.’

கௌசலா இதை மனதுக்குள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். வாயில் வந்தது, “தேத்தண்ணி ஆறுது” என்பது மட்டும்தான்.

அவள் புருசன் பிரசாந்தனுக்கு அதுவும் காதில் விழவில்லை. அவளுடைய சைக்கிளின் முன்பிரேக்குக்கு முன்னால் குந்தியிருந்தான். இடப்பக்கத்து ரப்பர் கட்டை ரிம்மோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வலப்பக்கம் விரல் நுழையும் இடைவெளி. சக்கரத்தைச் சுற்றினால் கோழி கேருவதுபோலச் சத்தம்.

“நீர் ஹான்ட்பாக்கை எப்பவும் இடதுபக்கம்தானே கொழுவிறீர்?”

“ஓம்.”

“அதுதான். பாரம் இழுத்து இழுத்து ரிம் வளைஞ்சிட்டுது.”

வேலிக்கு அப்பால் பல் விளக்கிக்கொண்டிருந்த விமலேஸ்வரி அக்கா, “அப்ப என்ரை சைக்கிள் பின்னுக்கெல்லே வளைஞ்சிருக்கோணும், தம்பி. ஒன்பது வருசமா மனிசனை ஏத்திறன்” என்றாள்.

நேற்றுப் பின்னேரம் முன்சில்லின் ரியூப்பை மாற்றியவன் பிரசாந்தன்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கவட்டுக்குள் செருகி, வலது நட்டை ஒரேயடியாக இறுக்கிவிட்டுத்தான் இடதுக்குப் போனான். சில்லு சரிந்து உட்கார்ந்ததைக் கௌசலா கண்டாள். சொல்லவில்லை. கட்டாரிலிருந்து வந்த மூன்று மாதமாக அவன் வீடு முழுக்கப் பழுதொன்றைத் தேடித் திரிந்தான். அவன் இல்லாத எட்டு வருடத்தில் அவள் எல்லாவற்றையும் திருத்தி வைத்துவிட்டாள். கிணற்று மோட்டர்கூட அவனுக்காக ஒருநாள் அடம்பிடிக்கவில்லை. ரியூப் பஞ்சரானபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் இப்போது ஆறு மணியாகப் போகிறது. ஆறரைக்கு நெடுங்கேணியில் பால் சேகரிக்கும் நிலையத்தை அவள் திறக்க வேண்டும்.

பிரசாந்தன் பிரேக் கம்பித் திருகை முழுதாகத் தளர்த்தினான். இரண்டு கட்டைகளும் வாயைப் பிளந்தன.

“இப்ப உரசேல்லைதானே?”

கௌசலா பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். “பிடிக்கவும் இல்லை.”

“மெதுவா ஓடினால் பிரேக் என்னத்துக்கு?” என்றவன், அதற்கே காத்திருந்ததுபோல, “இனி இது சரிவராது. நானே ஒவ்வொரு நாளும் மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன்” என்று திறப்பெடுக்க உள்ளே போனான்.

ஒவ்வொரு நாளும். நிலையத்துக்குப் போகும் அந்த நாலு கிலோமீற்றரில்தான் அவள் ஒருவருக்கும் ஒன்றுமாக இல்லாமல் தானாக இருந்தாள். காட்டோரத்தில் தனக்குத் தானே கதைப்பாள். சில நாள் சண்டையும் பிடித்து வெல்வாள். ஒருவனுடைய முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு அதெல்லாம் ஏலாது.

ஸ்பனரை எடுத்தாள். இரண்டு நட்டையும் தளர்த்தி, சைக்கிளை நிலத்தில் நேரே நிறுத்தி, ஹான்டிலில் தன் பாரத்தைக் கொடுத்து அமத்தினாள். டக்கென்று சில்லு தன் இடத்துக்கு வந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக இறுக்கினாள். கம்பித் திருகையும் பழையபடி முறுக்கிவிட்டுச் சுற்றினாள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி, சத்தமில்லை.

விமலேஸ்வரி அக்கா வாய் நுரையோடு தலையை ஆட்டினாள்.

திறப்போடு வந்த பிரசாந்தன் சில்லைச் சுற்றினான். பிரேக்கைப் பிடித்தான். திரும்பவும் சுற்றினான்.

“பாத்தீரே? நான் தளர்த்தி விட்டது இப்பதான் வேலை செய்யுது.”

“ஓம். நல்லாச் செய்திருக்கிறியள்.”

அவன் மலர்ந்துபோய் மோட்டார்சைக்கிளை உதைத்து எழுப்பினான். “எண்டாலும் நம்பேலாது. வாரும், ஏறும்.”

கௌசலா சைக்கிளை வேலிப் படலை தாண்டி ஒழுங்கைக்கு உருட்டினாள். மோட்டார்சைக்கிள் பக்கத்தில் உறுமிக்கொண்டு வந்து நின்றது. அவன் பின்சீற்றைக் கையால் துடைத்துவிட்டான்.

“ஏறுமன்.”

“இல்லை,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “நான் இதிலைதான் போறன்.”