சேது அக்கா சொன்னாங்க

மகேஸ்வரி நண்டுச் சதை பிரிக்கிற கம்பெனியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் ஜெயசுதா பின்னால் வந்து நின்றாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அம்மா வேலையிலிருந்து வந்தாலே வாடை அடிக்கிறதென்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறவள், அன்றைக்கு அம்மாவின் ஈரக்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நண்டு ஓடு கிழித்த தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"எனக்காக எவ்வளவு கஷ்டப்படுறம்மா நீ."

மகேஸ்வரிக்குக் கண் கலங்கியது. "என்ன தாயி, திடீர்னு?"

"சேது அக்கா சொன்னாங்க. இன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க அம்மா கையப் பிடிச்சுப் பாக்கணும்னு."

வந்த கண்ணீர் வந்த இடத்திலேயே நின்றுபோனது. கையை உருவிக்கொண்டு, "உலை கொதிக்குது, விடு" என்று அடுப்படிக்குப் போனாள்.

சேது அக்கா என்கிற சேதுலட்சுமி இராமநாதபுரத்துக்காரி. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். வயசுப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி இன்ஸ்டாகிராமில் வீடியோ போடுகிறாள். இவர்கள் ஊரான அக்காள்மடத்திலிருந்து சாயல்குடி வரைக்கும் பள்ளிக்கூடப் பெண்கள் அவளைப் பார்க்காமல் தூங்குவதில்லை. அவள் கெட்டதைச் சொன்னால் மகேஸ்வரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருக்கலாம். அவளோ நல்லதை மட்டுமே சொன்னாள். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்க என்றாள், ஜெயசுதா கழுவினாள். தெரியாத ஆளுக்குப் போட்டோ அனுப்பாதீங்க என்றாள், ஜெயசுதா கூட்டாளிப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்து அதையே சொன்னாள். இதையெல்லாம் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் மகேஸ்வரி. அவள் சொன்னபோது அது நச்சரிப்பாக இருந்தது. போனுக்குள் இருந்து ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னதும் அது வேதமாகிவிட்டது.

"நல்லதத்தானடி சொல்லுது அந்தப் பிள்ள. உனக்கு என்ன நோவு?" என்றான் புருஷன் சுரேஷ். கடலுக்குப் போய்விட்டுக் கரைக்கு வந்து வலையை உதறுகிற மாதிரி எதையும் உதறிவிட்டுப் போகிறவன்.

என்ன நோவென்று அவனுக்கு எப்படிச் சொல்வது? புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். பெற்ற மகள் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

வீட்டில் யாருக்கும் தெரியாமல் மகேஸ்வரியும் அவள் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தாள். மண்டபம் ஊரில் இருக்கிற கம்பெனி வாசல் மர நிழலில், மத்தியானச் சோற்றை ஒரு கையால் பிசைந்துகொண்டு இன்னொரு கையால் போனைத் தள்ளுவாள். சேதுலட்சுமியின் கம்மல், புருவம், 'என் தங்கங்களா' என்று இழுக்கிற இழுப்பு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று தேடினாள். பிள்ளை பெறாதவள், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்த மறுநாளே அவள் தன் கைக்குழந்தையைக் காட்டினாள். அதுவும் அழகாக இருந்தது.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் வீடியோவில் ஒரு கிரீம் வந்தது. முகத்தைப் பளபளப்பாக்குகிற கிரீமாம். "என் தங்கங்களா, நானே பூசிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்று டப்பாவைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ருக்ஸானா எட்டிப் பார்த்தாள். கம்பெனியில் மகேஸ்வரிக்குப் பக்கத்து மேசைக்காரி.

"யா அல்லாஹ், இதயா விக்கிறா? என் தங்கச்சி பூசுனது இதே டப்பாதான். மொதல்ல நல்லாப் பளபளன்னுதான் இருந்துச்சு. அப்புறம் மூஞ்சி வெந்துபோச்சு. பாதரசம் கலந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. உம் மககிட்ட சொல்லிரு மகேசு."

"சொல்றேன்" என்றாள் மகேஸ்வரி.

சொல்லவில்லை.

மறந்துபோனதாகத் தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அரிக்கட்டும், கொஞ்சம் சிவக்கட்டும். நாம் ஆயிரம் வார்த்தை பேசி இறங்காதது ஒரு டப்பாவில் இறங்கிவிடும். அப்புறம் சேது அக்கா என்ற பேரே இந்த வீட்டில் கேட்காது.

ஜெயசுதா அந்தக் கிரீமுக்கு ஆர்டர் போட்டிருந்தாள். பார்சல் வந்தபோது வாசலில் நின்று வாங்கியதே அவள்தான். பிரித்துக்கூடப் பார்க்காமல் மகளின் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

முதலில் நடந்தது அவள் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. ஜெயசுதாவின் முகம் நிஜமாகவே தெளிந்தது. கண்ணாடியை விட்டு நகராமல், "பாத்தியாம்மா? சேது அக்கா பொய்யே சொல்ல மாட்டாங்க" என்றாள். மகேஸ்வரி ஒரு வாரத்துக்கு மகளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அதற்கு அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்கு வெயிலில் நிறுத்தினார்கள். ஜெயசுதா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விலக்கிப் பார்த்தால் இரண்டு கன்னமும் சுட்ட மாதிரி சிவந்து, ஓரமெல்லாம் கொப்பளித்திருந்தது. மறுநாள் கண் திறக்க முடியாதபடி வீங்கிவிட்டது. "எரியுதும்மா, எரியுதும்மா" என்று பிள்ளை தரையில் கிடந்து புரண்டது. கொஞ்சம் சிவக்கட்டும் என்று நினைத்தவள், ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

இராமநாதபுரத்துத் தோல் டாக்டரம்மா டப்பாவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "யாரு இதப் பூசச் சொன்னது?" என்று கேட்டார். தழும்பு மறைய மாதங்கள் ஆகும், அதுவரை வெயில் படக்கூடாது என்று மருந்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் மகள், பக்கத்தில் அம்மா. பேச வேண்டியதையெல்லாம் மகேஸ்வரி எப்போதோ தயார் பண்ணி வைத்திருந்தாள். பாத்தியா உன் அக்கா லட்சணத்த, பெத்தவ ஒருத்தி இருக்கிறது இப்பவாவது தெரியுதா என்றெல்லாம். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. கடல்காற்று படாமல் இருக்க ஜெயசுதா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்மா. இன்னும் பாக்கல. ஆனா அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காதும்மா."

"ம்."

"தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாங்களா? தெரிஞ்சுக்கிட்டே யாராவது ஒரு பிள்ளைய இப்படி விடுவாங்களா?"

மகேஸ்வரி பேசாமல் இருந்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டு இந்தப் பிள்ளைக்குச் சோறு போட முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்குத் தெரியும்டி."

"என்னது?"

"அந்தக் கிரீம் ஆகாதுன்னு. ருக்ஸானா சொன்னா. பார்சல் வாரதுக்கு முன்னாடியே தெரியும்."

ஜெயசுதா துப்பட்டாவை விலக்கி, வீங்கிய இமைக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீ அவள அவ்வளவு நம்புன. என்னால பொறுக்க முடியல. அவ பேரு கெடட்டும்னு..."

ஜெயசுதா எழுந்து, ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய், முன்னால் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்காள்மடம் நிறுத்தத்தில் இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவள் தன் முகத்தை அப்படியே காட்டி ஒரு வீடியோ போட்டாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. டப்பாவைக் காட்டி, "இத யாரும் வாங்காதீங்க. யாரு சொன்னாலும் வாங்காதீங்க" என்றாள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகேஸ்வரி கம்பெனி மரத்தடியில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தன்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை சேதுலட்சுமியே போன் பண்ணினாள். எடுத்தது மகேஸ்வரி. வீடியோவில் கேட்ட அதே குரல், ஆனால் இழுப்பு இல்லை, உடைந்திருந்தது.

"அம்மா, நான் அத விசாரிக்காமப் பேசிட்டேன். பூசிப் பாத்தேன்னு சொன்னதும் பொய். வீடியோவ எடுத்துட்டேன். நடந்ததச் சொல்லி இன்னொன்னு போடுறேன். என்னத் திட்டுங்கம்மா."

எத்தனை மாதம் காத்திருந்த சந்தர்ப்பம்! இவளாவது தெரியாமல் செய்தாள் என்று மகேஸ்வரியின் மனசு சொன்னது. "மககிட்ட குடுக்குறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜெயசுதா போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் அழுகிற சத்தமும் கேட்டது. தன்னிடம் ஒரு சொல் பேசாதவள், பொய் சொன்னவளிடம் போய் அழுகிறாளே என்று, அந்த நிலைமையிலும் மகேஸ்வரிக்குப் பொறாமை பொங்கி வந்தது. தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டாள்.

மகள் உள்ளே வந்து போனை நீட்டினாள். பஸ்ஸுக்குப் பிறகு அன்றுதான் முதல்தடவையாக அம்மா முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீ செஞ்சதயும் சொன்னேன். உன் மேல கோவப்படாத, போய்ப் பேசுன்னு அக்கா சொன்னாங்க."

மகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டேன். இது எனக்கும் எங்கம்மாவுக்கும் உள்ளது, நீங்க இதுல வராதீங்கன்னுட்டேன். கோவம் இன்னும் இருக்கு. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, வெயில் இறங்கிவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, காய்ந்த துணிகளை எடுக்க வாசலுக்குப் போனாள். மகேஸ்வரி மருந்து டியூபைக் கையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பி வரட்டும் என்று நின்றாள்.