வீட்டுக்கு ஒரு வெல்டிங் மிஷின்

சூசைராஜுக்கு வெல்டிங் மிஷின் பைத்தியம் பிடித்திருந்தது. தெருவில் ஒருத்தர் செல்போன் வாங்கினால் ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்த காலம் அது. ரெட்டியார்சத்திரம் பக்கம் துண்டு நிலத்தில் கத்தரிக்காய் போடுகிறவன் வீட்டில் வெல்டிங் மிஷின் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

"கலப்பக் கொழு தேஞ்சிருச்சு, கேட்டுக் கீலு போச்சு, ஆட்டுப்பட்டிக்குக் கம்பி வைக்கணும்" என்று மனைவியிடம் அடுக்கினான்.

"அம்புட்டுக்கும் திண்டுக்கல்லுல பட்டற இருக்குய்யா. என் ஆட்ட வித்து ஒனக்கு வெளயாட்டுச் சாமானா?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

மழை பொய்த்த வருஷங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது ஆடுகளால்தான். அவற்றை விற்றுவிட்டு ஓர் இரும்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார அவள் தயாராக இல்லை.

அவன் மனதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். காய்ச்சலில் போன ஒரே மகன் ஸ்டான்லியின் கல்லறைச் சிலுவை ஐப்பசி மழையில் சாய்ந்து, குறுக்குக் கம்பி தனியே கழன்றுவிட்டது. கல்லறைத் திருநாளும் நெருங்கிவிட்டது. சிலுவையைச் சாக்கில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனவன், போன சுருக்கில் ஒட்டாமலே திரும்பி வந்திருந்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

"பெறகு எதுக்குய்யா திருப்பிக் கொண்டாந்த? வாயத் தொறந்து சொல்லு."

சூசைராஜ் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"செலுவையக் கீழ போட்டு, பட்டறக்காரன் செருப்புக் காலோட ஏறி மிதிச்சான் செபாஸ்தி. 'கால எடுப்பா'ன்னேன். 'மிதிச்சுப் பிடிக்காட்டி சூட்டுல கோணிக்கிரும்ணே. வேலு, சூலம் எல்லாத்தையும் இப்புடித்தேன். ஒட்டி முடிச்சுக் கும்புட்டுக்குவோம்'ங்கறான். அவன் மேல தப்பில்ல. என்னாலதான் பாக்க ஏலல. நம்ம பய நெஞ்சுல மிதிச்ச மாதிரி இருந்துச்சு."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சந்தைக்கு ஆடுகளை அவளே ஓட்டிக்கொண்டு போனாள்.

மிஷின் வந்தது. பழைய கம்பிகளை ஒட்டிப் பழகிவிட்டு, சூசைராஜ் சிலுவையை முற்றத்தில் கிடத்தினான். வெல்டிங் குச்சியை வைத்ததும் குறுக்குக் கம்பி நகர்ந்தது. கல்லை வைத்தால் கல் நழுவியது. ஒரு கட்டத்தில் அவன் கால் தானாக உயர்ந்தது. உயர்த்திய காலை அப்படியே நிறுத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

செபாஸ்தியம்மாள் கைகளில் காய்ந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு மண்டியிட்டாள். குறுக்குக் கம்பியின் இரண்டு முனைகளையும் அழுத்திப் பிடித்து, கண்களை இறுக மூடிக்கொண்டாள். காய்ச்சல் வேகத்தில் பிள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போட்டபோது, அவன் தோள்களை இப்படித்தான் பிடித்திருந்தாள். அழுகை வந்தது, கையை எடுக்கவில்லை.

"ஒட்டுய்யா" என்றாள்.

கல்லறைத் திருநாளன்று, பக்கத்துக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஊர்க்காரர் ஒருவர் சிலுவையை உற்றுப் பார்த்தார். "இம்புட்டுச் செலவழிச்சு மிஷின் வாங்கியும் கோணிப் போச்சேப்பா" என்றார்.



"கோணட்டும்ணே" என்றாள் செபாஸ்தியம்மாள். "எம்புள்ள மேல யாரும் கால வைக்கல."