கேட்டதை மட்டும் சொல்லவும்

கடல் தாண்டி வந்த இளம் மிஷனரிக்கு மிஷன் அலுவலகம் கொடுத்த உத்தரவு சுருக்கமானது. முதல் வருடம் பிரசங்கம் கூடாது, புத்திமதி கூடாது, அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கவே கூடாது. ஒரு குடும்பத்தோடு தங்கி, காதில் விழுவதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பாஷை பழக வேண்டும். மீறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவனுக்கு முன்னால் வந்தவன், வீட்டுக்காரருக்குப் பொறுமையைப் பற்றிப் போதித்துவிட்டு, வந்த வேகத்திலேயே சொந்த ஊர் போய்ச் சேர்ந்திருந்தான்.

அலுவலகம் பார்த்துக் கொடுத்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. அது அலுவலகத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது என்று இன்னும் நாலு பேரை அனுப்பியிருப்பார்கள். கணவர் பூட்டு ரிப்பேர்காரர். முன்னறையில் உட்கார்ந்து சாவிக்கு அரம் போடுவார். மனைவி தையல்காரி, பின்னறையில் பள்ளிச் சீருடை தைப்பாள். நடுவில் ஒரு நடைவழி. நடைவழியில் மிஷனரி.

"தம்பி, சட்டையில பட்டன் போயிடுச்சுன்னு உள்ள சொல்லு."

போய்ச் சொல்வான்.

"ஊசி இருக்கிற இடம் அவருக்கே தெரியும்னு சொல்லு."

திரும்பி நடப்பான். இருவரும் அவனுக்காக நிறுத்தி நிதானமாகப் பேசியதில் பாஷை மளமளவென்று ஏறியது. தெருவில் அவனுக்குத் 'தபால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என்ன சண்டை என்று கேட்க முதலில் அவனுக்குப் பாஷை வரவில்லை. பாஷை வந்தபோது தைரியம் வரவில்லை.

அதற்குள் இருவரையும் அவனுக்குப் பிடித்துப்போனதுதான் வினை. அவன் காய்ச்சலில் கிடந்தபோது இருவருமே நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள், தனித்தனியாக வந்து.

ஒரு மத்தியானம் தையல் மெஷின் சத்தம் நின்றது. தையல்காரி பெட்டியைத் திறந்து துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன், இனி வர்றதா இல்லைன்னு சொல்லு."

சொன்னான்.

"போகட்டும்னு சொல்லு" என்று பூட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் அரத்தை ஓட்டினார். சாவியின் பல் ஒன்று முழுசாகத் தேய்ந்து காணாமல் போயும் அவர் கை நிற்கவில்லை. மிஷனரி அதைப் பார்த்தான்.

நடைவழி அன்று நீண்டுகொண்டே போனது. சொந்த ஊரில் கண்கலங்க வழியனுப்பிய சபை ஞாபகத்துக்கு வந்தது. பயமாகத்தான் இருந்தது.

"போகாதேன்னு சொல்றார்" என்றான்.

தையல்காரியின் கை நின்றது. "அவரா?"

"ஆமா."

"பாஷை புரியாம மாத்திச் சொல்றியா?"

தப்பிக்கக் கதவு விரியத் திறந்திருந்தது. "இல்லக்கா, நல்லாவே புரியுது."

அவள் அவனை விலக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். "போகாதேன்னு நீங்க சொன்னீங்களா?" அவன் வந்த பிறகு அந்த வீட்டில் நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

பூட்டுக்காரர் மிஷனரியைப் பார்த்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொன்னால் போதும். அவர் மானம் தப்பிவிடும், இவன் மூட்டை கட்ட வேண்டிவரும்.

"சொன்னேன்" என்றார். "ரெண்டு தடவை சொன்னேன். தம்பி ஒரு தடவைதான் சொல்லியிருக்கான்."

பெட்டி பரணுக்குப் போனது. மறுநாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர், மூச்சுவிடாமல் பேசிக்கொண்டார்கள். அந்த வேகத்தில் மிஷனரிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சாப்பிடும்போது இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சும்மா சிரித்துவைத்தான்.

பாஷைப் பரீட்சை வைக்க அலுவலகத்திலிருந்து வந்த பயிற்சி அதிகாரி, பையன் பாஷையில் பின்தங்கிவிட்டான் என்று சலித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். கிளம்பும்போது வீட்டுக்காரர்களைத் தனியே அழைத்து, "உங்க வீட்டு விஷயத்துல சொந்தமா ஏதாவது பேசினானா?" என்று கேட்டார்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஒரு வார்த்தை பேசலைங்க" என்றார்கள், இருவரும் ஒரே குரலில், அவனுக்காக நிறுத்தி நிதானமாக.

நடைவழியில் நின்றிருந்த மிஷனரிக்கு அது நன்றாகப் புரிந்தது.