மேல்வீட்டுச் சொட்டும் கீழ்வீட்டுத் தக்கையும்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் எங்கள் வீட்டுக்கு வரும் பிளம்பர். கொடுத்தார் என்பதைவிட, போட்டுவிட்டுப் போனார் என்று சொல்லலாம். எங்கள் ஹீட்டரின் பிரஷர் வால்வு ஒழுகுகிறதென்று கூப்பிட்டிருந்தேன்.

"கொஞ்சம் சொட்டினா நல்லதுதான் சார். தண்ணி சூடானா விரியும், அதுக்குப் போக வழி வேணும். உங்களுது கொஞ்சம் ஓவரு, சரி பண்ணிடலாம். நேத்து ஒரு வீட்ல பாருங்க, சொட்டு கீழ விழுதுன்னு கீழ்வீட்டம்மா அந்தக் குழாய்ல தக்கையே அடிச்சிட்டாங்க" என்றார்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. வேலையை முடித்து, பேசிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதை எழுதுகிறவனிடம் இப்படிப் பாதியில் விட்டுப் போவது நல்ல மனிதர் செய்கிற காரியமா?

2

முதல் தொடக்கம்: "குளியலறைச் சுவரில் மரணம் தொங்கிக்கொண்டிருந்தது."

(அடித்துவிட்டேன். எங்கள் ஹீட்டரை எட்டிப் பார்த்தேன். பூசணிக்காய் மாதிரி சாதுவாக இருக்கிறது.)

இரண்டாவது: "அவர்கள் பேச்சை நிறுத்தி மூன்று" [வாரமா, மாதமா? பிறகு பார்க்கலாம்.]

மூன்றாவதுதான் நின்றது. கீழ்வீட்டில் நாத்தனார், மேல்வீட்டில் அண்ணனும் அண்ணியும். நாத்தனாருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டால், மேல்வீட்டு ஹீட்டர் குழாயிலிருந்து துருநிறச் சொட்டு சரியாக அதன் முதுகில் விழும்.

"அண்ணி, அதக் கொஞ்சம் ரிப்பேர் பண்ணச் சொல்லுங்களேன்."

"ஒரு சொட்டுத் தண்ணிக்கா இவ்ளோ பேச்சு?"

அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. அண்ணன் தூது போய்க்கொண்டிருந்தார். [அண்ணனுக்கு ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தேன். தங்கமான மனிதர். ஆனால் அவர் வீட்டில் இருந்தால் கதை அப்போதே முடிந்துவிடும். அதனால் வெளியூருக்கு அனுப்பிவிட்டேன்.]

கோட்டில் மறுபடியும் கறை. நாத்தனார் உடைந்த மரக்கரண்டியின் காம்பைச் சீவித் தக்கையாக்கி, ஸ்டூல் மேல் ஏறி, குழாயின் வாயில் வைத்து சுத்தியலால் நாலு போடு போட்டாள். சொட்டு நின்றது. சனியன் தானாகவே சரியாகிவிட்டது என்று மேலே அண்ணிக்கும் நிம்மதி.

3

மறுநாள் காலை மேல்வீட்டு ஹீட்டர் முனக ஆரம்பித்தது. முனகல் டக்டக்கென்று இடிப்பதாக மாறியது. கீழே நாத்தனாருக்கும் அது கேட்டது. பிளம்பருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"ஏம்மா, அது சேஃப்டி குழாய். அத அடைச்சா உள்ள பிரஷர் ஏறிக்கிட்டே போகும், வெடிச்சாலும் வெடிக்கும். தக்கையத் தொடாதீங்க, கை வெந்துடும். மேல ஸ்விட்ச அணைச்சிட்டு, சமையல்கட்டு வெந்நீர்க் குழாயத் திறந்துவிடச் சொல்லுங்க. நான் வந்துடறேன்."

சொல்ல வேண்டுமாம். அதுவும் அண்ணியிடம், இவளே முதலில்.

(மெசேஜ் அனுப்பலாமே என்கிறீர்கள். அனுப்பினாள். பெயரைப் பார்த்ததும் அண்ணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மாடிப்படியடியில் மெயின் ஸ்விட்ச் இருக்குமே? இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன். உங்களை மாதிரி புத்திசாலிகளை வைத்துக்கொண்டு ஒரு கதை எழுத முடிகிறதா?)

4

இங்கே வெடிக்க வைக்கலாமே என்று எனக்கு ஆசை வந்தது. எழுதியும் பார்த்தேன். "அண்ணி துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் திறந்தபோது

நாத்தனார் அந்த வரியின் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "கோட்டு பாழாச்சேன்னு கோவம்தான். அதுக்காக எங்க அண்ணிய..." என்றாள். அவளும் வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளை ரொம்பப் பிடித்தும்விட்டது. வரியை அடித்தேன்.

அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். கதவைத் தட்டினாள். தோளில் துண்டோடு அண்ணி திறந்தாள். இருவரும் நேருக்கு நேர்.

"அண்ணி, மொதல்ல ஹீட்டர அணைங்க" என்று நாத்தனாரைப் பேசவைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. "என்ன இப்படி மூச்சு வாங்குது உனக்கு? உள்ள வா" என்று அண்ணியைப் பேசவைத்தேன். அதுவும் நன்றாக இருந்தது. ஒருத்தி முந்தினால் இன்னொருத்தி என்னை முறைக்கிறாள்.

5

வேறு வழியில்லாமல் பிளம்பருக்குப் போன் செய்தேன். அந்தத் தக்கை வீடு என்ன ஆயிற்று?

"ஒண்ணும் ஆகல சார். நான் போறதுக்குள்ள எல்லாத்தையும் அணைச்சு ஆறவச்சிட்டாங்க. தக்கைய எடுத்துட்டு வால்வு மாத்திக் குடுத்தேன். லேட்டா வந்தேன்னு ரெண்டம்மாவும் சேர்ந்து என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க பாருங்க. ஒருத்தங்க நிறுத்தினா இன்னொருத்தங்க எடுத்துக் குடுக்கறாங்க."

"யார் மொதல்ல பேசினாங்க?"

"என்கிட்டயா?"

"இல்ல, அவங்களுக்குள்ள."

"அவங்க எப்ப சார் பேசாம இருந்தாங்க?"

சண்டையை மூட்டிவிட்டவன் நான்தான். சமாதானம் செய்துவைக்க எனக்கு வரவில்லை. கதவருகே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

"............................" என்றாள்.

நாத்தனாரோ அண்ணியோ, உங்களுக்கு யார் மேல் இஷ்டமோ அவளைப் பேசவிடுங்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம். உள்ளே ஸ்விட்ச் இன்னும் போட்டபடியே இருக்கிறது.