காலாவதியாகாத டோக்கன்

டிவித் திரையில் வந்த எழுத்துகளை அப்பா போனில் மகனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எம்... மாமாவுக்கு வர்ற எம். டி... தம்பிக்கு வர்ற டி. அப்புறம் ஏ... அம்மாவுக்கு வர்ற ஏ."

அங்கே கொஞ்சம் நின்றார். மகன் அலுவலகத்தில் போனைத் தோளில் இடுக்கியபடி கணினியில் அடித்துக்கொண்டிருந்தான். "அடுத்ததுப்பா" என்றான்.

எல்லாம் அவன் செய்த ஏற்பாடுதான். கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டவருக்கெல்லாம் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதுபோலக் கொடுத்துவந்தார். ரவுட்டருக்கு நிரல் எழுதியே பிழைக்கிறவனுக்கு அது மானப் பிரச்சினை. பாஸ்வேர்டைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் சில நாள் மட்டும் செல்லும் அனுமதிச்சீட்டு போன்ற டோக்கன் முறையைக் கொண்டுவந்தான். ரவுட்டரில் செருகிய டிஸ்கிலிருந்து பழைய படங்களை எடுத்து டிவியில் ஓட்டும் பெட்டிக்கு, டோக்கன் வாங்கும் இணையப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. டோக்கன் காலாவதியானால் சில எழுத்துகளைக் காட்டிவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். அவற்றை இவன் தன் கணினியில் அடித்து அனுமதித்தால்தான் படம் ஓடும்.

"டாக்டர்கிட்ட வாங்குற டோக்கன் மாதிரியா?" என்று அப்பா கேட்டிருந்தார்.

"அதேதான்பா."

"அப்ப நீதான் டாக்டர். பீஸ் கேட்டுடாதடா."

அம்மா இருந்தவரை அப்பாவும் மகனும் பேசியதெல்லாம் அவள் வழியாகத்தான். அவள் போனபின் வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது இந்த டோக்கன்தான். எழுத்துகள் முடிந்ததும் அப்பா "சாப்பிட்டியா?" என்பார். முட்டிவலி, மாடிவீட்டுக்காரனின் சண்டை என்று மெல்ல நீளும். இவன் கடிகாரத்தைப் பார்ப்பான்.

வேலை தலைக்குமேல் போன ஒரு காலையில், காலாவதியே ஆகாத டோக்கன் ஒன்றைப் போட்டுவிட்டான்.

"இனிமே என்னைக் கூப்பிட வேண்டாம்பா. நிம்மதியா படம் பாருங்க."

"அப்ப படிச்சுக் காட்டவே வேண்டாமா?"

"வேண்டாம்பா."

"ஓ... நல்லதுதான்."

அதன்பிறகு அழைப்பே வரவில்லை. முதலில் அது அவனுக்குத் தெரியக்கூட இல்லை. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு காரணமும் இல்லாமல் அப்பாவைக் கூப்பிடுவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. காரணத்தைத் தன் கையாலேயே அழித்திருக்கிறான்.

ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபின், அந்த டோக்கனை ரத்து செய்தான். பெட்டி உடனே புதிய எழுத்துகளைக் கேட்டு வாங்கியது கணினியில் தெரிந்தது. அப்பா இப்போது அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். போனை மேசைமேல் எடுத்து வைத்தான். அந்த எழுத்துகள் செல்லுபடியாகும் நேரம் முடிந்தது. பெட்டி வேறு எழுத்துகளைக் கேட்டது. அவற்றின் நேரமும் முடிந்தது. பிறகு ரவுட்டரோடு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலிலிருந்து பெட்டியே மறைந்துபோனது.

அவனே கூப்பிட்டான்.

"என்னடா இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லப்பா... டிவி ஓடுதா?"

"ஏதோ டோக்கன் கேட்டுச்சு. நீ வேலையா இருப்பேன்னு அணைச்சுட்டேன். வேற என்னடா?"

வேறு என்ன என்று அவன் தேடினான். அப்பாவின் மூச்சுக்குப் பின்னால், படம் ஓடாத அந்த அறையில் மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.