மூன்று எண்களும் நான்கு கட்டங்களும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை உள்ளத்தின் ஆழத்தில் பிறந்ததல்ல, முழங்கால் ஆழச் சேற்றில் பிறந்தது. எழுதவைப்பது பயம். என் நண்பன், பல் டாக்டர், பதினெட்டு வருடமாகத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பாய்மரப் படகைச் சனிக்கிழமை விற்கப்போகிறான். அதற்குள் இது அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று வியாழன்.

2

தொடக்கம் ஒன்று: “வெள்ளைப் பாய் விரிந்தது. காற்று அதை ஆசையோடு”

(வேண்டாம். காற்றுக்கு என்ன ஆசை? பாயும் வெள்ளை இல்லை. வெளுத்த காவி, ஓரத்தில் இரண்டு ஒட்டு.)

தொடக்கம் இரண்டு: “கடலோர உப்பங்கழிகளில் படகு விடுவது வாழ்க்கையைப் போன்றது, ஏனென்றால்”

(ஏனென்று எனக்கே தெரியவில்லை.)

தொடக்கம் மூன்று: கழிகள் வழியாக நான்கு நாள் பயணம். இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆள் மூச்சுவிட இடமில்லாத படகு. சுக்கான் அவன் கையில், நோட்டு என் கையில். இது பரவாயில்லை.

3

பாத்திரங்களில் எனக்குச் சந்தேகம் ‘நான்’ மீதுதான். முப்பது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துபவன்.* காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

கிளம்புமுன், கழியில் தண்ணீர் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்ற அட்டவணையை நோட்டில் எடுத்தெழுதச் சொன்னான் டாக்டர். அச்சு ரொம்பப் பொடியாம், என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்குமாம். நாளுக்கு நான்கு கட்டம் போட்டேன்: வற்றும், ஏறும், வற்றும், ஏறும். மூன்றாம் நாளுக்கு மூன்றே எண்கள். முதல் கட்டம் காலி. முந்தைய இரவு பன்னிரண்டு அடிக்கும் முன்பே தண்ணீர் வற்றி, அது முந்தைய நாள் கணக்கில் போய்விட்டதால் அப்படி என்று இப்போது தெரியும். அன்று, அச்சுக்கோத்தவர் தூங்கிவிட்டார் என்று தீர்ப்பெழுதி, மூன்று எண்களையும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினேன். ஏறும் நேரமெல்லாம் வற்றும் நேரமாயிற்று, வற்றும் நேரம் ஏறும் நேரமாயிற்று. பார்க்க மட்டும் அவ்வளவு அழகு.

* ஹோட்டல் மெனுவில் பேனா வைப்பவர் என்றுதான் மனைவி என்னை அறிமுகப்படுத்துவாள்.

4

மூன்றாம் நாள், காலை பத்து மணி. “தண்ணி ஏறிட்டிருக்கு, சேத்துத் திட்டு மேலயே குறுக்கால போயிடலாம்,” என்றான் டாக்டர். போனோம். கீழே ஏதோ சர்ரென்று உரசியது. நின்றோம்.

“என்னடா சத்தம்?”

“தரை.”

“நடுத் தண்ணியில ஏதுடா தரை?”

“அஞ்சு நிமிஷம் பொறு. ஏறுற தண்ணி, தானா தூக்கிவிட்டுரும்.”

தண்ணீர் எங்களை விட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பிப் போனது. படகு சாய்ந்தது. பிளாஸ்க், பிஸ்கட் டப்பா, அவன் மூக்குக்கண்ணாடி, நான் என வரிசையாக உருண்டு ஒரே மூலையில் சேர்ந்தோம். ஒரு கொக்கு நடந்தே எங்களை முந்திக்கொண்டு போனது. அதைப் பார்த்ததும் டாக்டர் சிரிக்க ஆரம்பித்தான். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்பவன், தன் வாயை மூட முடியாமல் கிடந்தான். எனக்கும் தொற்றிக்கொண்டது. நான்கு மணி நேரம். நடுவில் அடங்குவோம், யாராவது ஒருவன் “கொக்கு” என்பான், மறுபடியும் ஆரம்பம். பெரிய மனுஷர்கள் இரண்டு பேர், இறங்கித் தள்ளப் பார்த்ததில் முழங்கால்வரை சேறு. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பிறகு தண்ணீர் வந்தது, படகு நிமிர்ந்தது, அவன் முகம் சுருங்கியது.

“நான்தான்டா நேரத்தத் தப்பாப் படிச்சிருக்கேன். நோட்டக் குடு.”

நோட்டின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

“நனைஞ்சு போச்சுடா.” (உட்கார்ந்த இடம் ஈரம்தான். அந்த அளவுக்கு உண்மை.)

“கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு. படகக் குடுத்துரலாம். அப்புறம் கிளினிக்க மூடணும், எவன் பல்லையாவது மாத்திப் பிடுங்கறதுக்கு முன்னாடி.”

நான் நோட்டின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். வீடு வந்து சேரும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

5

முடிவு அ: புயலில் நோட்டு கடலோடு போகிறது. (கோழைத்தனம்.)

முடிவு ஆ: அவனுக்கு எல்லாம் முதலிலேயே தெரியும், பெருந்தன்மையாக (அவ்வளவு நல்லவன் இல்லை. தெரிந்திருந்தால் அந்தக் கொக்கோடு என்னையும் நடக்கவிட்டிருப்பான்.)

இதுவரை படித்த மனைவி கேட்டாள்: “இவ்வளவு வளைச்சு எழுதறதுக்கு, ஒரு போன் போட்டு ‘நான்தான்டா’ன்னு சொல்லக்கூடாதா?”

சொல்லலாம். நான்கு தடவை போன் போட்டேன். நான்கு தடவையும் பல்வலி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

6

ஆகவே, வாசகர்களே, கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். முதலில் படிக்க வேண்டியவன் அவன்.

டேய் டாக்டர், தலையைத் தூக்காதே, மேலே படி. உன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதியதை நீ சரியாகத்தான் படித்தாய். தப்பாக எழுதியவன் நான். நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு பின் குத்தியிருக்கிறேன், என் சிவப்புப் பேனாவும் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் சுழித்துக்கொள், என்னையும் சேர்த்து.

இதை நீ படகில் படிக்கும்போது சனிக்கிழமை எட்டரை மணி. நான் துறையில், கயிறு கட்டும் கட்டைமேல் இருப்பேன். படகை வாங்குகிறவர் ஒன்பதுக்கு வருவார். அவருக்கு நீ சொல்லப்போகும் பதிலுக்காகக் கீழே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். காலியாக இருக்கிறது. கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. இந்த முறை நோட்டின் மேல் உட்காரவில்லை. என் இரண்டு கைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

[                    ]